டிசம்பருக்குள் மார்னியின் கண்கள்

சூ செயின்ட் மேரி, மிஷிகன்
செப்டம்பர் 14, 2006

வெய்ன்,

போனை வைத்தது நீயா நானா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. உன் கப்பல் ஏதோ ஒரு முனையைத் தாண்டியதில் சிக்னல் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் சாப்பாடு இறங்குகிறது.

போனில் நாம் பேசுவதில்லை, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக் கோபப்படுகிறோம். காகிதத்தில் மூச்சு கேட்காது. டெட்ராய்ட் ஆற்றில் அஞ்சல் படகு வந்து வாளியில் இதை ஏற்றி அனுப்பும்போது உடனே பிரிக்காதே. சாப்பிட்டுவிட்டுப் படி.

போனில் நீ நடுவில் புகுந்துவிட்டாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

போன நவம்பரில் நீ கப்பலிலிருந்து சொல்லச் சொல்ல நான்தான் படிவத்தில் எழுதினேன். பள்ளி நிர்வாகம் என் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்னாலேயே பிடித்து வைக்கும் மருத்துவக் கணக்கு. "எவ்வளவு விடுவாங்களோ அவ்வளவையும் எழுது" என்றாய். எழுதினேன். கருத்தரிப்புச் சிகிச்சையை மூன்றாவது முறை முயன்று பார்ப்பதற்கு. குளிர்காலத்தில் நீ வீட்டில் இருக்கும்போதே கிராண்ட் ராப்பிட்ஸ் மருத்துவமனைக்குப் போகலாம் என்றோம். சாலையில் பனி என்றோம். உனக்குச் சளி என்றோம். மார்ச்சில் நீ கப்பலேறினாய். அதற்குப் பிறகு நம் இருவரில் ஒருவர்கூட அந்த ஊரின் பெயரை எடுக்கவில்லை. உனக்கு அது நினைவிருக்கிறதா?

ஆகஸ்டில் அலுவலகத்து மிஸஸ் ஃபென் பள்ளிச் சமையலறைக்கே இறங்கி வந்துவிட்டாள். நான் சூப் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். "மார்னி, உன் கணக்குல இன்னும் ஒரு காசு எடுக்கலையேம்மா. டிசம்பரோட போச்சுன்னா போனதுதான். அப்புறம் நான் உக்காந்து அழுதாலும் வராது" என்றாள். என் கண்ணாடி முழுக்க ஆவி. அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அவள் போன பிறகு, பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த டொலோரஸ்தான் கேட்டாள். "ஏன்டி, கண்ணுக்கு லேசர் வெச்சுக்கலாமில்ல? அந்தக் கணக்குல அதுக்குக் குடுப்பாங்க. என் மூக்க சரிபண்ணக் கேட்டேன், அது அழகுக்குப் பண்றது, குடுக்க மாட்டோம்னுட்டாங்க. கண்ணு அப்படி இல்லையாம்." சிரித்தோம். அவள் மூக்கில் ஒன்றும் குறையில்லை.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். பெட்டாஸ்கியில் கண் மருத்துவரிடம் போய்ப் பார்த்தேன். அளவெல்லாம் எடுத்தார்கள். பிறகு ஒரு சின்னப் பெண் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, மூட்டுவலி உண்டா. அப்புறம், "கர்ப்பமா இருக்கீங்களா? இல்ல, கூடிய சீக்கிரம் அந்த எண்ணம் இருக்கா? இருந்தா இப்ப பண்ண மாட்டோம், பவர் மாறிக்கிட்டே இருக்கும்" என்றாள்.

"இல்லை" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த வார்த்தை எவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்தது தெரியுமா? வேறு யாரோ சொன்னதுபோல் நான்தான் திரும்பிப் பார்த்தேன். காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. உனக்கு முன்னால் அந்த அட்டைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். உன் கோபம் அதற்கென்றால் நியாயம்தான்.

அக்டோபர் பத்தொன்பது என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

மார்னி


சுப்பீரியர் ஏரி
செப்டம்பர் 26

மார்னி,

போனை வைத்தது நான்தான்.

கடிதம் வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன். சாப்பிடாமல் படித்திருக்கலாம்.

உன் கண், உன் சம்பளம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். பெயரை மாற்றும்போது என்னைக் கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கிராண்ட் ராப்பிட்ஸ் பேச்சை நான் எடுக்கவில்லை என்பது சரி. நீ இளைப்பாறுகிறாய் என்று நினைத்தேன். முடிந்துவிட்டது என்று நினைக்கவில்லை. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை.

சமையல்காரர் லைல் என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?" என்றார். "இல்ல, பொண்டாட்டி கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கப்போறா" என்றேன். "நல்லதுதானே. என்ன, இனிமே உன்னை முழுசாப் பாத்துருவான்னு பயமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு மேலே போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியாத மாதிரி ஒரு நாள்.

ஒன்று மட்டும் சொல். திடீரென்று ஏன் கண்? இத்தனை வருடம் அந்தக் கண்ணாடியைப் பற்றி நீ குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

வெய்ன்


சூ
அக்டோபர் 3

அன்புள்ள வெய்ன்,

நீ கேட்டது நியாயமான கேள்வி. பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதனால்தான் இதில் காப்பிக் கறை.

கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு உலகம் எப்படியிருக்கும் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது கெட்டதாக ஒன்றும் இராது. தெருவிளக்கெல்லாம் ஊதினால் பறந்துவிடும் டாண்டிலியன் பூப்போல் பெருத்து நிற்கும். மரம் என்பது பச்சையாக ஒரு மூச்சு. நீ அறைக்குள் வந்தால் நீல நிறம் ஒன்று வரும். அதன் நடையை வைத்து அது நீ என்று தெரிந்துகொள்வேன். சின்ன வயதில் எனக்கு இரண்டு உலகங்கள் இருந்தன. வகுப்பில் யாராவது கேலி செய்தால் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். அவர்கள் கரைந்துபோவார்கள். அந்த மங்கல் எனக்கு ஒரு வீடு மாதிரி. அதை நான் வெறுத்ததில்லை.

ஆனால் கிராண்ட் ராப்பிட்ஸில் கருவை உள்ளே வைக்கும் அந்த அறைக்குள் போகுமுன் நர்ஸ் என் கண்ணாடியை வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாள். இரண்டு முறையும். டாக்டர் திரையைக் காட்டி, "அங்க பாருங்க, அந்த வெள்ளைப் புள்ளி, அதுதான்" என்றார். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பெரிதாக மூச்சுவிட்டாய். நான் "ஆமா, ஆமா" என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெய்ன். திரையே ஒரு சாம்பல் மேகமாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடியைக் கேட்க வாய் வரவில்லை. எல்லோரும் அவ்வளவு அமைதியாக இருந்தார்கள், நான் அசைந்தால் ஏதாவது கலைந்துவிடுமோ என்றிருந்தது. அடுத்த முறை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் அதே கிண்ணம்.

அப்புறம் இரண்டு முறையும் இல்லை என்றானது. நீ பார்த்த ஒன்றுக்காக அழுதாய். நான் சொல்லக் கேட்ட ஒன்றுக்காக அழுதேன். உன் அழுகைக்கு ஒரு உருவம் இருந்தது. என்னுடையதற்கு இல்லை. அதனால்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது போலிருக்கிறது.

என்னால் அந்த மேசையில் இன்னொரு முறை படுக்க முடியாது. படுத்து, மேகத்தைப் பார்த்து, ஆமாம் என்று சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு நாம் வைத்த பெயரை நான் அழிக்கவில்லை. நமக்கு நடப்பதை இனிமேலாவது நானே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டாஸ்கியில் அன்றைக்கு யாராவது கூட இருந்து காரை ஓட்டிவர வேண்டுமாம். டொலோரஸ் வருகிறேன் என்கிறாள். அவள் கார் ஓட்டுவதை நீ பார்த்திருக்கிறாய். எனக்காகப் பிரார்த்தனை செய்.

மார்னி


ஹ்யூரான் ஏரி
அக்டோபர் 11

மார்னி,

நீ பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். கண்ணாடியை எடுத்துத் தர என் கைக்கு ஒரு எட்டுதான். தோன்றவில்லை.

கடிதத்தில் எழுதினால் சரியாக வருமா தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். திரை சாம்பல் நிறம். வைட்ஃபிஷ் விரிகுடாவில் மூடுபனி இறங்கும்போது இருக்குமே, அப்படி. டாக்டர் சொல்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். அது எனக்குப் பழக்கம்தானே, மார்னி. மூடுபனிக்குள் எதிரே வரும் கப்பலின் விளக்கு முதலில் விளக்காகத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் பனி கொஞ்சம் வெளுத்திருக்கும். இருக்கிறது என்று சொன்னால் இருக்கும், இல்லை என்றால் இல்லை. அப்படித்தான் இருந்தது. திரையின் நடுவில் இல்லை, இடது பக்கம் கொஞ்சம் மேலே. டாக்டர் குழாயை வெளியே எடுத்த பிறகும் அது அங்கேயே நின்றது. சுக்கானைத் திருப்பி வழிவிட வேண்டும்போல் என் கை தானாக எழுந்தது. நர்ஸ், நான் உன் கையைப் பிடிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். அதனால்தான் பிடித்தேன்.

இரண்டாவது முறை வெளுப்பு இன்னும் குறைவு. அதை உன்னிடம் சொல்லவில்லை.

இவ்வளவுதான் நான் பார்த்தது. உருவம் என்று சொன்னாய். எனக்கும் பெரிய உருவம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வெளுப்பை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது அது உன்னிடமும் இருக்கிறது.

பத்தொன்பதாம் தேதிக்கு இறங்கிவர கேப்டனிடம் கேட்டேன். மாற்று ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் கேரி நகரத்தில் தாதுவை இறக்கிக்கொண்டிருப்போம். டொலோரஸிடம் சொல், மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகத்தைக் கூட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

போ, மார்னி. பண்ணிக்கொள்.

வெய்ன்


சூ
அக்டோபர் 22

அன்புள்ள வெய்ன்,

எழுத்து பெரிது பெரிதாக இருந்தால் பயப்படாதே. பக்கத்தில் பார்க்க இன்னும் கொஞ்சம் தடுமாற்றம். ஒரு வாரத்தில் சரியாகும் என்கிறார்கள்.

டொலோரஸ் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்டினாள். மஞ்சள் விளக்கு விஷயத்தைச் சொன்னேன். "உன் புருசன் கப்பல்காரன். அங்க ஏது விளக்கு, ஏது சந்தி? அவனுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதில் என் கைகால்கள் எல்லாம் ஏரித் தண்ணீரில் மிதப்பது மாதிரி ஆகிவிட்டன. படுக்க வைத்து இமையை ஒரு கம்பியால் விலக்கினார்கள். வலியில்லை, கொஞ்சம் அழுத்தம். டாக்டர், "அந்த மினுக்குற விளக்கையே பாருங்கம்மா, வேற எங்கயும் போகாதீங்க" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விளக்கு அணைந்தது. எல்லாமே அணைந்தது. என் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கறுப்புக்கூட இல்லை. அப்படி ஓர் இடத்தில் நான் இதற்கு முன் இருந்ததில்லை. சில விநாடிகள்தானாம். எனக்கு அங்கே நிறைய நேரம் இருந்தது. நீ சொன்ன அந்த வெளுப்பை அங்கே தேடினேன். இடது பக்கம் கொஞ்சம் மேலே. இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிறகு விளக்கு திரும்பி வந்தது, முடி கருகுவதுபோல் ஒரு வாசனை, டாக்டர் "முடிஞ்சதும்மா, அடுத்த கண்ணு" என்றார்.

அன்று முழுக்கக் கண்மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு தூங்கினேன். மறுநாள் விழித்ததும் வழக்கம்போல் மேசையில் கை கண்ணாடியைத் தேடியது. தேடும் கையை நான் பார்த்தேன். அதன் நகங்களைப் பார்த்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தில் ஒவ்வொரு இலைக்கும் ஓரம் இருக்கிறது, வெய்ன். இத்தனை ஓரங்கள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் அயர்ச்சியாகக்கூட இருந்தது. டொலோரஸ் காப்பியோடு வந்தாள். அவள் மோவாயில் நாலைந்து முடி. "எவ்ளோ நாளா இருக்கு இது?" என்று கேட்டுவிட்டேன். "அடிப்பாவி, முதல்ல கேக்குற கேள்வியா இது?" என்றாள்.

அழுதேனா என்று கேட்பாய். அழுதேன். அவர்கள் கொடுத்த சொட்டு மருந்தோடு சேர்ந்து எது எவ்வளவு என்று தெரியவில்லை. அந்த மங்கல் வீடு போய்விட்டது. இனி கழற்றி மடியில் வைக்க ஒன்றுமில்லை. யாராவது கேலி செய்தால் அவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள்.

நாளை சமையலறைக்குப் போகிறேன். ரசீதை மிஸஸ் ஃபென்னிடம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கண்ணுக்கா?" என்றாள். வேறு எதையோ எதிர்பார்த்திருந்தாள்போல. "கண்ணுக்குத்தான்" என்றேன். முத்திரை குத்தினாள்.

மார்னி


ஹ்யூரான் ஏரி, கீழ்நோக்கி
நவம்பர் 12

அன்புள்ள மார்னி,

நேற்று சூவில், தண்ணீரை வடித்துக் கப்பலைக் கீழ் ஏரிக்கு இறக்கும் பூட்டுக்குள் நுழையும்போது வேலியோரம் நாலைந்து பேர் நின்றார்கள். பனி தூவிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண் கழுத்துத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, நாங்கள் தூரத்தில் வரும்போதே கப்பலின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. யாரோ சுற்றுலாக்காரி என்று நினைத்தேன்.

வெட்டவெளியில் உன்னைக் கண்ணாடி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. நீதான் என்று தெரிந்ததும், நீ உடை மாற்றும்போது தெரியாமல் உள்ளே வந்துவிட்டவன் மாதிரி ஒரு நிமிடம் திரும்பிக்கொண்டேன். கேப்டன், "கயிறு கட்டியாச்சு, இனி உனக்கு இங்க என்ன வேல? போய்யா" என்று தோளில் தட்டி என்னைத் தளத்தின் ஓரத்துக்கு அனுப்பினார்.

நீ என்னைப் பார்த்த விதத்தை எழுதத் தெரியவில்லை. அப்படி ஒருவர் என்னைப் பார்த்து நான் நின்றதில்லை.

"உன் தாடியில நரை" என்றாய்.

"அது ரொம்ப நாளா இருக்கு."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

அதற்குள் பூட்டிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது. நான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தேன், நீ மேலே போய்க்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உன்னை அடையாளம் தெரியாமல் "பழைய டீச்சரம்மா எங்கே" என்று கேட்டதைச் சொன்னாய். "நான் டீச்சரும் இல்ல, பழையவளும் இல்ல" என்று பதில் சொன்னாயாம். நான் சிரித்தேன். அப்புறம் வாயிற்கதவு திறந்து சங்கு ஊதும்போதுதான் நீ குனிந்து கத்தினாய்: "வெய்ன், அடுத்த வருசத்துக்கு மிஸஸ் ஃபென் கேக்குறா. கணக்குல என்னன்னு எழுதட்டும்?"

பதில் சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். நீ அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாய் என்று தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வரப்போகும் வருடம் நமக்கு என்ன நோவு வரும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதச் சொல்கிறார்கள். இத்தனை வருடமும் நாம் அந்த இடத்தில் நோவை எழுதவில்லை, ஒரு ஆளை எழுதினோம். அந்த ஆளுக்கு இடம் வைத்தே எழுதிக்கொண்டிருந்தோம். இந்த முறை கொஞ்சமாக எழுது. எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடுகிறது, அதற்கு. உனக்கு அந்தச் சொட்டு மருந்துக்கு. நாம் இரண்டு பேர்தான் என்று எழுது.

எழுத்து கோணலாக இருந்தால் கப்பல் ஆடுகிறது என்று எடுத்துக்கொள்.

ஜனவரி நடுவில் பூட்டுகளை மூடுகிறார்கள். வந்துவிடுவேன்.

வெய்ன்


வீட்டில்
ஜனவரி, நீ வந்த மறுநாள் காலை

வெய்ன்,

காப்பி அடுப்பின்மேல் இருக்கிறது. வெளியே நல்ல பனி, வாசலை நானே கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறேன், மீதி உனக்கு. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை.

விடிந்ததும் விழித்தேன். நீ இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். கல்யாணமான நாளிலிருந்து காலையில் என் பக்கத்தில் படுத்திருந்தது ஒரு வெளிறிய திட்டுதான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் நீ விழித்துவிடுவாய், அல்லது நான் எழுந்துவிடுவேன். இன்றைக்கு அவசரமில்லாமல் படுத்தபடியே பார்த்தேன். புருவத்தில் ஒரு தழும்பு. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மரு. அதையெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

நீ தூங்கும்போது உன் இடது கண் முழுதாக மூடுவதில்லை. உனக்குத் தெரியுமா? கீழே ஒரு கோடு அளவு திறந்தே இருக்கிறது. அந்த இடுக்கில் வெள்ளையாக, மெல்ல அசைந்துகொண்டு. முதலில் விழித்திருக்கிறாய் என்று நினைத்து "காப்பி போடட்டுமா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். குறட்டைதான் பதில்.

இத்தனை வருடமாக நான் இங்கே படுத்துக்கொண்டு, எதுவும் தெரியாமல் மேசையைத் தடவிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையிலும், அது திறந்துதான் இருந்திருக்கிறது.

மத்தியானம் வந்துவிடுவேன்.

மார்னி